ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் போதுமா?



போன வாரம் நான் நாலே வரி எழுதியிருந்தேன். "ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுப்பதற்கு ஆளில்லை. இது யார் குற்றம்?" என்று. அதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். "நெட் போனுங்க டீச்சர், ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்" என்று பதினோரு பேர். "செல்லுல கூப்பிட வேண்டியதுதானே டீச்சர்" என்று ஏழெட்டுப் பேர். என் தங்கை மகன் ஒரு படி மேலே போய், "பெரியம்மா இன்னும் லேண்ட்லைன் காலத்துலயே இருக்காங்க" என்று சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறான். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்த நீளமான பதில். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர் பேர், ஆஸ்பத்திரி பேர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். எனக்கு யாரையும் சந்தி சிரிக்க வைக்கும் எண்ணம் இல்லை.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, வேட்டவலம் பக்கம் இருக்கும் என் அக்காவிடமிருந்து போன். "மாமாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணிக்கிட்டுப் போகுது, வலது கையைத் தூக்க முடியல" என்று அழுதாள். பக்கவாதம் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவர்கள் வழக்கமாகப் பார்க்கிற தனியார் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. "டாக்டர் இருக்காரா கேளு, நாங்க வண்டி பிடிச்சுக் கிளம்பறோம்" என்றாள். நான் இங்கே கீழ்பென்னாத்தூரில் உட்கார்ந்து அந்த எண்ணுக்குப் போட்டேன். மணி அடித்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அடித்தது. ஆறு தடவை. அடிக்கிறதே, யாரோ நடந்து வந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மணி அடிப்பதே ஒரு நம்பிக்கை அல்லவா? அதற்குள் அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அங்கே டாக்டர் இல்லை, வெளியூர் போயிருந்தார். நர்ஸ் பார்த்துவிட்டு "இங்க வெச்சிருக்காதீங்க, திருவண்ணாமலை மெடிக்கல் காலேஜுக்குப் போங்க" என்றாராம். போய் வந்ததில், விசாரித்ததில், வேறு வண்டி பிடித்ததில் நாற்பது நிமிஷம்.

மூளையில் ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. மாமா அந்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வலது கையில் இன்னும் டம்ளர் நிற்கவில்லை. அந்த நாற்பது நிமிஷத்தால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். அந்த நாற்பது நிமிஷம் தேவையில்லாமல் போனது என்று மட்டும் சொல்வேன்.

"108-க்குப் போட்டிருக்க வேண்டியதுதானே" என்று கேட்கப் போகிறீர்கள். ஆமாம், போட்டிருக்க வேண்டும். 2008-லிருந்து இந்த மாநிலத்தில் ஓடுகிற வண்டி. பதற்றத்தில் அக்காவுக்கும் தோன்றவில்லை, முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்திய எனக்கும் தோன்றவில்லை. அது எங்கள் தப்பு. எங்கள் தப்பை நாங்கள் ஒத்துக்கொள்கிறோம். அடுத்தவர்கள் தப்பை யார் ஒத்துக்கொள்வது?

இரண்டு வாரம் கழித்து மாமாவின் பழைய சீட்டுகளை வாங்க அந்த மருத்துவமனைக்கு நானே போனேன். கூடவே எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். (அவன் பெயரைப் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான்.) வரவேற்பு மேஜையில் கறுப்பாக, பளபளவென்று ஒரு போன். திரை எல்லாம் வைத்தது. "இதுதாம்மா ராத்திரி அடிச்ச போனா?" என்று கேட்டேன். அந்தப் பெண் பாவம், "அடிக்கவே இல்லைங்க மேடம்" என்றாள். எனக்கு அடித்ததே! அவளுக்கு அடிக்கவில்லை. இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

அதைத்தான் முதலில் புரிந்துகொள்ளுங்கள் பிள்ளைகளே. நம் காதில் கேட்கும் மணி, அந்தப் பக்கம் அடிக்கும் மணி அல்ல. பழைய தொலைபேசியிலும் அப்படித்தான், அது எக்ஸ்சேஞ்ச் நமக்குப் போடுகிற சத்தம். ஆனால் அப்போது அந்தப் பக்கம் கம்பி ஒழுங்காக இருந்தால் மணி நிச்சயம் அடிக்கும். இப்போது நடுவில் எங்கேயோ ஒரு ஊரில் ஒரு சர்வர் இருக்கிறது. அவர்கள் போட்டிருந்த ஏற்பாட்டில், மேஜையில் இருக்கும் போன் செத்துக் கிடந்தாலும் அந்த சர்வர் நமக்கு "டிரிங் டிரிங்" போட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு இதை ஏமாற்று என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. "இந்த எண் தற்போது வேலை செய்யவில்லை" என்று ஒரு குரல் சொல்லியிருந்தால் முதல் தடவையிலேயே வேறு வழி பார்த்திருப்பேன்.

சரி, போன் ஏன் செத்தது? என் மாணவன் திரையின் மூலையைக் காட்டினான். ஒரு சின்ன பெருக்கல் குறி. அந்தப் பெண் அதை மிஸ்டு கால் அடையாளம் என்று நினைத்திருந்தாளாம். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போனை மாட்டியவன் மாட்டிவிட்டுப் போய்விட்டான். உள்ளே வந்த அழைப்புகளின் பட்டியலைப் பார்த்தான். கடைசி அழைப்பு வந்தது, ஊரில் பெரிய கரண்ட் கட் ஆன நாளுக்கு முந்தைய மாலை. மாமா படுத்த ராத்திரி அதற்குப் பிறகு ஒன்பதாவது நாள். கரண்ட் வந்தும், ஒன்பது நாள் ஒரு மருத்துவமனையின் போன் ஊமையாக இருந்திருக்கிறது. வரவேற்பறையில் "இன்னைக்குக் கூட்டம் கம்மி" என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு யாரோ டாக்டரிடம் சொல்லி, அவர் போனை மாட்டியவனைக் கூப்பிட, அவன் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றிருக்கிறான். இவர்கள் மேஜைக்கடியில் இருந்த பெரிய சுவிட்சையே நிறுத்திப் போட்டிருக்கிறார்கள். மறுபடி அதே பெருக்கல் குறி.

இங்கேதான் பாடம். கவனியுங்கள்.

இணையவழி போன் என்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். கரண்ட் வந்ததும் அது எழுந்து, முகம் கழுவி, தலைவாரி, பள்ளிக்கூடம் வந்து "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் சர்வர் தன் வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, வருகிற அழைப்பை அதனிடம் அனுப்பும். இதைத்தான் ரிஜிஸ்டர் ஆவது என்கிறார்கள். ஒரு தடவை சொன்னால் போதாது, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெயர் அடிக்கப்படும்.

ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வர சாலை வேண்டுமே! சாலை என்பது சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டி. அதை அடுத்து ரூட்டர். அந்த மருத்துவமனையில் போன் முக்கால் நிமிஷத்தில் எழுந்துவிட்டது. ஃபைபர் பெட்டி எழுந்து வெளிச்சம் பிடித்து இணையம் வர மூன்று நிமிஷம் ஆனது, என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். அதாவது பையன் வாசலுக்கு வந்துவிட்டான், சாலை இன்னும் போடவில்லை. பல போன்கள் விடாமல் முயன்று பிறகு சேர்ந்துகொள்ளும். இது சேரவில்லை. அதற்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். இந்த மாதிரி போன்கள் பலவற்றில் தேதியை நினைவில் வைக்கும் பேட்டரி கிடையாது. எழுந்ததும் இணையத்தில் யாரிடமாவது "மணி என்ன?" என்று கேட்க வேண்டும். கேட்டபோது இணையம் இல்லை, பதில் வரவில்லை. அதனால் அது 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டது. பிறகு சாலை வந்து, சர்வர் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டியபோது, அதில் இந்த வருஷத் தேதி. "இன்னும் பிறக்காத தேதியில் சான்றிதழா, செல்லாது" என்று போன் கதவைச் சாத்திவிட்டது. வருங்காலத் தேதி போட்ட டி.சி.யை நான் மட்டும் வாங்கிக்கொள்வேனா? போன் செய்தது நியாயம்தான். முட்டாள்தனமான நியாயம்.

பெரிய சுவிட்சை நிறுத்திப் போட்டால் என்ன ஆகும்? எல்லாம் ஒன்றாக எழும், அதே ஓட்டப்பந்தயம், அதே முடிவு. நூறு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் நூறு தடவையும் 1970. என் மாணவன் செய்தது ஒன்றே ஒன்று. மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, போனின் பிளக்கை மட்டும் உருவி, பத்து எண்ணி, மறுபடி சொருகினான். பெருக்கல் குறி மறைந்தது. நான் என் செல்லிலிருந்து போட்டேன். மேஜையில் மணி அடித்தது. அந்தப் பெண் கண் கலங்கிவிட்டாள். "எல்லாரும் என்னைத்தான் திட்டினாங்க மேடம், போன எடுக்கறதில்லன்னு" என்றாள்.

எனவே, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்று எழுதிய பதினோரு பேரே, உங்கள் விடைக்குப் பாதி மதிப்பெண். எதை, எந்த வரிசையில் என்று எழுதவில்லை. முதலில் ஃபைபர் பெட்டி. அதில் பச்சை விளக்கு நிலையாக நிற்க வேண்டும், எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு இருக்கக்கூடாது. சிவப்பு எரிந்தால் வெளிச்சமே வரவில்லை, ஃபைபர் அறுந்திருக்கும் அல்லது மடங்கியிருக்கும். அப்போது போனைத் தட்டிப் பயனில்லை, லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும். அது சரியானால் ரூட்டர். பிறகு நடுவில் சுவிட்ச் பெட்டி இருந்தால் அது. கடைசியில் போன். ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிஷம் பொறுமை. பொறுமை இல்லாதவர்கள்தான் அதிகம் என்பது வகுப்பிலேயே எனக்குத் தெரியும்.

இன்னும் சில சங்கதிகள் அங்கேயே பார்த்தேன், சொல்லாமல் விட மனசில்லை. மேஜைக்கடியில் ஒரே பலகையில் நாலு அடாப்டர், எல்லாம் கறுப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி உருண்டை முனை. ஒன்று 12 வோல்ட், ஒன்று 5 வோல்ட். பெருக்குகிறவர் கழற்றி மாற்றி மாட்டினால் 5 வோல்ட் கருவி புகைந்துவிடும். வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் குறைவான அடாப்டர் மாட்டினாலோ, கருவி எழும், பாதி வழியில் துவளும், மறுபடி எழும், விடிய விடிய அதே கதை. ஒரு பேனாவும் வெள்ளைப் பிளாஸ்திரியும் போதும், எது எதற்கு என்று எழுதி ஒட்ட. அதையும் யாரும் செய்யவில்லை. போனின் பின்னால் இரண்டு ஓட்டைகள், பார்க்க ஒரே மாதிரி. ஒன்று சுவரிலிருந்து வரும் கேபிளுக்கு, மற்றது கம்ப்யூட்டருக்குப் போவதற்கு. மாற்றிச் சொருகினால் தகராறு. சில போன்களுக்கு அடாப்டரே கிடையாது, கேபிள் வழியாகவே மின்சாரம் வரும். அதற்கென்று உள்ள சுவிட்ச் பெட்டி வேண்டும், சாதாரணப் பெட்டியில் சொருகினால் திரை இருட்டாகவே இருக்கும். "போன் ரிப்பேர்" என்று அதையும் கடைக்குத் தூக்கிப் போகிறார்கள்.

இப்போது என் தங்கை மகனுக்கு. லேண்ட்லைன் காலத்திலேயே இருக்கிறேனா? இருக்கிறேன் என்றே வைத்துக்கொள்.

அந்தக் காலத்துப் போனுக்கு நம் வீட்டுக் கரண்ட் தேவையே இல்லை, தெரியுமா? எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் அந்தச் செம்புக் கம்பி வழியாக வந்தது. அங்கே பேட்டரி வரிசை, அதற்குப் பின்னால் ஜெனரேட்டர். ஊரே இருட்டாகக் கிடந்தாலும் ரிசீவரைத் தூக்கினால் "ஙொய்" என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் லைன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். 1984-ல் சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார்கள். சாம் பிட்ரோடா பெயரைப் பொது அறிவுப் பாடத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன், உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அவர்கள் கிராமங்களுக்காகச் செய்த 128 இணைப்பு எக்ஸ்சேஞ்சை 1986-ல் கர்நாடகத்துக் கிட்டூரில் முதலில் நிறுவினார்கள். ஏ.சி. அறை வேண்டாம், நம் ஊர் வெயிலையும் புழுதியையும் தாங்க வேண்டும் என்று யோசித்துச் செய்தது. செய்தவர்களுக்கு நம் ஊர் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தது. இன்றைக்கு மேஜைமேல் இருக்கும் இந்தக் கறுப்புப் போனைச் செய்தவனுக்கு, ஐப்பசி மழையில் ஒரு நாளைக்கு எட்டு முறை கரண்ட் போய் வரும் என்று யாராவது சொன்னார்களா?

செம்புக் கம்பியைத் திரும்ப இழுக்கச் சொல்லவில்லை. நான் ஒன்றும் அப்படிப்பட்ட கிழவி இல்லை. கம்பி மழையில் நனைந்தால் கரகரவென்று இரையும், பள்ளம் தோண்டினால் அறும், திருடனுக்கும் செம்பு பிடிக்கும். ஃபைபர் நல்லது, அதில்தான் என் பேத்தியின் முகத்தைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் ஃபைபரில் வெளிச்சம்தான் வரும், மின்சாரம் வராது. ஆகவே எக்ஸ்சேஞ்ச் சுமந்த பேட்டரியை இனி நாம் சுமக்க வேண்டும். இதை விற்கிறவன் சொல்வதில்லை. வாங்குகிறவன் கேட்பதில்லை.

வெளிநாட்டில் இதைச் சண்டை போட்டுப் பேசியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2015-லேயே, இந்த மாதிரி போன் கொடுக்கும் நிறுவனங்கள் கரண்ட் போனால் எட்டு மணி நேரம் தாங்கும் பேட்டரி வசதியை வாடிக்கையாளருக்கு விற்பனைக்காவது வைத்திருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். இங்கிலாந்தில் பழைய தொலைபேசி வலையை 2025 முடிவில் நிறுத்துவதாக இருந்து, தனியாக இருக்கும் முதியவர்களின் கதி என்ன என்ற கேள்வி எழுந்து, 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்குக் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு போக ஏற்பாடு வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. ஒரு மணி நேரம் போதாது என்று அதற்கும் சண்டை. நாம் என்ன சண்டை போட்டோம்? சிரிக்கிற பொம்மை போட்டோம்.

"செல் இருக்கே" என்பவர்களுக்கு. தீபத்தன்று சாயங்காலம் திருவண்ணாமலையில் நின்றுகொண்டு செல்லில் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? மலையில் தீபம் ஏறும், செல்லில் ஒரு கோடு ஏறாது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறி, டிசம்பர் 1-ஆம் தேதி மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு உயிர் போனதே, அதில் ஐந்து பிள்ளைகள். அன்று மழையில் எனக்குச் செல்லில் பாதி நேரம் சிக்னல் இல்லை. கோபுரத்துக்கும் கரண்ட் வேண்டும், அதன் பேட்டரியும் தீரும். அதுவும் போகட்டும். மருத்துவமனை வரவேற்பில் யாருடைய செல்லுக்குப் போடுவது? அந்தப் பெண்ணின் சொந்த எண்ணுக்கா? அவள் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவாள். கல்யாணம் ஆனால் வேறு ஊருக்குப் போய்விடுவாள். அலுவலகத்தின் எண் அலுவலகத்திலேயே இருக்க வேண்டும். பலகையில் பெயின்ட்டால் எழுதிய எண்ணைப் பார்த்துத்தான் என் அக்கா மாதிரி ஆட்கள் கூப்பிடுகிறார்கள்.

காசு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் மாட்டுகிற சின்ன பேட்டரிப் பெட்டி ஆயிரம், இரண்டாயிரத்துக்குள் கிடைக்கிறது. கைக்குள் அடங்கும். சில மணி நேரம் தாங்கும். பெட்டிகளும் போனும் அணையாமலே இருந்துவிட்டால், எழுந்திருக்கும் வரிசைச் சண்டையே வராது. அந்த வரவேற்பறையில் மீன்தொட்டிக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருந்தது. போனுக்கு இல்லை. மீன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நிர்வாகிகளாக, தலைமையாசிரியராக, கடை முதலாளியாக இருக்கும் என் பிள்ளைகளிடம் கேட்கிறேன். போனை மாட்ட வருகிறவனுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் அவன் எதிரிலேயே மெயின் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். பத்து நிமிஷம் காத்திருந்து வெளியிலிருந்து கூப்பிடுங்கள். மணி அடித்தால் பணம். அடிக்காவிட்டால் அவன் உட்கார்ந்து சரிசெய்யட்டும். போன் ஊமையானால் வெளியார் காதில் பொய்மணி கேட்கக்கூடாது, அழைப்பு வேறு ஒரு எண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். அந்த வசதி சர்வரில் இருக்கிறது, கேட்டால் போட்டுக் கொடுப்பார்கள். வரவேற்பில் உட்காரும் பெண்ணுக்கு அந்தப் பெருக்கல் குறி என்ன என்று தமிழில் சொல்லிக் கொடுங்கள். காலையில் வந்ததும் ஒரு தடவை செல்லிலிருந்து அலுவலக எண்ணுக்குப் போட்டுப் பார்க்கட்டும். நாங்கள் மணி அடித்துத்தானே பள்ளிக்கூடம் தொடங்கினோம்?

அந்த மருத்துவமனையில் டாக்டரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த முறை போனபோது பேட்டரிப் பெட்டி இருந்தது. சுவரில் ஒரு தாளும் ஒட்டியிருந்தது, 1, 2, 3, 4 என்று வரிசை எழுதி. கையெழுத்து அந்தப் பெண்ணுடையது. "ரூட்டர்" என்பதற்கு சின்ன ரு போட்டிருந்தாள். பையிலிருந்து பேனா எடுத்துத் திருத்திவிட்டுத்தான் வந்தேன்.

உங்கள் அலுவலக எண்ணை எனக்கு மெசெஞ்சரில் தனியாக அனுப்புங்கள், பொதுவில் போட வேண்டாம். இந்த மாதம் கரண்ட் போய் வந்த நாளாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் கூப்பிடப் போகிறேன். நான் கூப்பிட்டு எடுக்காதவர்கள் பெயர் என் நோட்டில் ஏறும். தங்கை மகனே, உன் கம்பெனி எண்ணும் வேண்டும்.